கோமதி அக்காவின் திருத்தம்

அந்தப் புத்தகத்தையா பாக்குறீங்க? எடுத்துப் பாருங்க சார், தப்பில்ல. எழுதுனது என் சம்சாரம்தான். மங்கைநிலான்னு போட்டிருக்கு பாருங்க, அது புனைபேரு. முழுப் பேரு மங்கையர்க்கரசி. நான் மங்கைன்னு கூப்பிடுவேன். பின்னட்டையில போட்டோ இருக்கு. சிரிக்காமத்தான் நிப்பா, கேமராவைப் பாத்தா அவளுக்கு அப்படி. முதல் பக்கத்தைத் திருப்புங்க. 'என்னைப் புரிந்துகொண்ட என் கணவருக்கு'ன்னு அச்சுல இருக்கா? அந்தக் கணவர் நான்தான். ஞானசேகர். லால்குடிப் பக்கம் சர்வேயரா இருக்கேன்.

படிக்கிற பழக்கம் உண்டா சார் உங்களுக்கு? எனக்குக் கிடையாது. ஆனா இவ எழுதுனதுல ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். பதினாலு நாவல். பதினாலுலயும் ஹீரோ கோபக்காரன். மூணாவது அத்தியாயத்துல ஒரு அறை விடுவான், முப்பதாவது அத்தியாயத்துல அவ அவன் நெஞ்சுல சாஞ்சுக்குவா. நடுவுல அவளுக்கு ஜுரம் வரும், அவன் பக்கத்துலயே உக்காந்து நெத்தியில ஈரத்துணி போடுவான். லேடீஸ் எல்லாம் உருகிடுறாங்க. இவ முதல்ல போன்ல ஒரு ஆப்லதான் எழுதுவா, தினம் ஒரு எபிசோடு. கீழ கமெண்ட் வரும் பாருங்க, 'இப்படி ஒரு புருசன் கிடைச்சா எத்தனை அடி வேணாலும் வாங்கலாம்'னு. நான் சொல்லல சார், பொம்பளைங்களே எழுதுறாங்க. அடிக்கிற கைதான் அணைக்கும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.

அந்த ஹீரோ யாருன்னு நினைக்கிறீங்க? புருவத்தை நெரிக்கிறது, சட்டைக் கையை மடிச்சு விடுறது, சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிக்கிறது, எல்லாம் நான்தான். எங்க ஆபீஸ்ல ஒரு மேடம் படிச்சுட்டு, 'சார், உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்காங்க'ன்னு சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு எவ்ளோ பெருமை தெரியுமா. வரும்போது ரெண்டு முழம் மல்லிப்பூவும் அல்வாவும் வாங்கிட்டுப் போனேன். கல்யாணமாகி பதினஞ்சு வருஷம் கழிச்சு எவன் சார் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டுப் போறான்?

இல்ல, அவ இப்ப வீட்ல இல்ல. அதுக்குத்தான் இந்தப் பஸ் பயணமே. கூட்டிட்டு வரப் போறேன். ஒட்டன்சத்திரத்துல இருக்கா. நீங்க எதுவரைக்கும்? பழனியா? நல்லது, அப்ப நான் இறங்குற வரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆச்சு.

ஆடி மாசம் போனவ சார். தொறையூர்ல அவ தம்பி புள்ளைக்குக் காதுகுத்துன்னா. ரெண்டே நாள், வந்துருவேன்னா. ஒரு பை எடுத்துட்டுப் போனா. நானே பஸ் ஏத்தி விட்டு, வழியில கொறிக்க கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். கையாட்டிட்டுத்தான் போனா. மூணாம் நாள் போன் சுவிட்ச் ஆஃப். நேரா தொறையூருக்குப் போயி நின்னேன். காதுகுத்தாவது மூக்குகுத்தாவது, ஒண்ணும் நடக்கல அங்க. அவ தம்பி புள்ளைக்குப் போன வருஷமே காதுகுத்தியாச்சு, நானே போயி மொய் எழுதியிருக்கேன். அது எப்படி எனக்கு மறந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

எங்க மாமியார் கதவுல கையை வச்சுக்கிட்டு, 'இங்க இல்ல மாப்ள'ன்னு சொல்லுது. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. இந்த மாமியாரு இருக்கே, இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை மங்கை கோவிச்சுக்கிட்டுப் போனப்ப, ஒரு வாரத்துல அதே பஸ்ஸுல, முறுக்கு டின்னோட, அதுவே கொண்டாந்து விட்டுட்டுப் போகும். 'கோவத்துல கை நீட்டியிருப்பாரு, புருசன்தானேடி'ன்னு என் முன்னாடியே புத்தி சொல்லும். தங்கமான மனுஷி. யாரோ அதைக் கலைச்சு விட்டுட்டாங்க.

ஏன் போனான்னு கேக்க மாட்டேங்குறீங்க. பரவால்ல, நானே சொல்றேன். மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. இட்லி சார். வெறும் இட்லி.

ஞாயித்துக்கிழமை காலையில. இவ போன்ல எபிசோடு தட்டிக்கிட்டு இருக்கா, அடுப்புல இட்லிக் குண்டான்ல தண்ணி வத்திப் போச்சு. தீஞ்ச வாடை ஹாலு வரைக்கும் வருது. நான் உள்ள போனேன். 'என்ன வாடை'ன்னு கேட்டேன். சாதாரணமாத்தான் கேட்டேன். அவ போனை டக்குனு இடுப்புல சொருகுனா. அதான் சார் எனக்குப் பிடிக்காது. நான் வந்தா எதையாவது ஒளிக்கிறது. நான் என்ன போலீஸா? குண்டான் மூடியைத் திறந்து, அந்தத் தட்டை எடுத்தேன், கைப்பிடி துணியோட. எறியல. தள்ளுனேன். அவ குறுக்க கையை வச்சா, பட்டுடுச்சு. இடது கையில மணிக்கட்டுலேர்ந்து இங்க வரைக்கும். வட்ட வட்டமா நாலு அச்சு விழுந்துடுச்சு. பர்னால் நான்தான் போட்டு விட்டேன். ஊதி ஊதிப் போட்டேன். அன்னைக்கு மத்தியானம் ஓட்டல்லேர்ந்து பிரியாணி வாங்கிட்டு வந்து ஊட்டியும் விட்டேன். அவ வாங்கிச் சாப்பிட்டா சார். ஒரு வாய் கூட வேணாம்னு சொல்லல. பதினஞ்சு வருஷத்துல மொத்தம் நாலே நாலு தடவை. கணக்கா சொல்றேன், நாலு. அதுக்கு மேல ஒண்ணு இருந்தா நான் இந்த மீசையை எடுத்துடறேன்.

தள்ளுறதையும் கிள்ளுறதையும் எல்லாம் யாரு எண்ணுவா. அதைச் சேக்கல நான்.

தேடுனேன் சார். அவ கூடப் படிச்சவ வீடு, கல்லூரி ஹாஸ்டல், லேடீஸ் விடுதி, எல்லாம். ஒரு மாசம் சோறு இறங்கல. அவ சேலையை மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுத்திருக்கேன், பொய் சொல்லல. அப்புறம் ஒருநாள் ஆபீஸ் மேடம்தான் சொன்னாங்க, 'சார், உங்க வீட்டம்மா புதுசா தொடர் ஆரம்பிச்சிருக்காங்களே'ன்னு. அப்படியே தூக்கிவாரிப் போட்டுச்சு. என் போன்ல அந்த ஆப்பை இறக்குனேன். இருக்கு. மங்கைநிலா எழுதும் 'கோபக்காரா, கொஞ்சம் நில்'. பதினஞ்சாவது நாவல். ஹீரோ பேரு ஆதித்தன், ஹீரோயின் யாழினி. முதல் ரெண்டு எபிசோடு படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. அது எங்க வீடு. எங்க வீட்டு கேட்டு, வாசல் குழாய், என் பைக் சத்தம், எல்லாம் இருக்கு.

எனக்கு அழுகை வந்துடுச்சு சார். கோவம் இல்ல, சந்தோஷம். எங்கயோ ஒக்காந்துக்கிட்டு என்னைத்தானே நினைச்சு எழுதுறா. நினைப்பு இல்லைன்னா எழுதுவாளா?

ஆனா ஒன்பதாவது எபிசோடுல யாழினி வீட்டை விட்டுப் போயிடுறா. பதினாலு நாவல்ல எந்த ஹீரோயினும் போனதில்ல. போனாலும் ஹீரோ பஸ் ஸ்டாண்டுலயே புடிச்சுடுவான். இதுல விட்டுட்டா. வாசகிங்க கொந்தளிச்சுப் போயிட்டாங்க. 'ஆதி பாவம்', 'சீக்கிரம் சேத்து வைங்க சிஸ்'னு ஒரே கமெண்ட்டு. இருநூறு பொம்பளைங்க என் பக்கம் சார். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. என் பேருல போட்டா பிளாக் பண்ணிடுவா. எங்க ஆபீஸைக் கூட்டுற அம்மா பேரு கோமதி. அந்தப் பேருல ஒரு ஐடி போட்டேன். படத்துக்கு ரோசாப்பூ. வயசு ஐம்பத்திரெண்டு, இல்லத்தரசி, ஊரு கும்பகோணம்.

சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கல, சரி. ஆம்பளைக்கு இது கேவலம்தான். ஆனா பொண்டாட்டியைக் கண்டுபிடிக்க எவ்ளோ தூரம் இறங்கணுமோ அவ்ளோ தூரம் இறங்கித்தானே ஆகணும்.

தினம் கமெண்ட் போட்டேன். 'ஆதித்தன் தங்கமான பையன் அம்மா, யாழினி அவசரப்பட்டுட்டா', 'குடும்பம்னா நாலும் இருக்கும் கண்ணு'. பொம்பளை மாதிரி எழுதுறது அப்படி ஒண்ணும் கஷ்டமில்ல. எங்க மாமியார் பேசுறதை அப்படியே எழுதுனேன். மங்கை எல்லாருக்கும் போடுற மாதிரி 'நன்றி அக்கா'ன்னு ஒரு வரி போடுவா, அவ்ளோதான். ஒரு மாசம் இப்படியே ஓடுச்சு.

அப்புறம் இருபத்தொண்ணாவது எபிசோடு வந்துச்சு. அந்த ஞாயித்துக்கிழமையை எழுதிட்டா சார். ஆனா தப்புத் தப்பா எழுதியிருக்கா. ஆதித்தன் கொதிக்கிற சாம்பாரை அவ வலது கையில ஊத்துனான்னு போட்டிருக்கா. சாம்பாரா? நான் எப்ப சார் சாம்பார் ஊத்துனேன்? நானு சர்வேயர். ஒரு எல்லைக்கல்லு அரை அடி தள்ளி விழுந்தா ரெண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். எனக்கு இந்த மாதிரி வாய்க்கு வந்ததைச் சொல்றது ஆகவே ஆகாது. அதுவும் ஊரே படிக்குது, ஊத்துனான்னு போட்டா அவனைப் பத்தி என்ன நினைப்பாங்க? எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு. கோமதி பேருலயே போட்டேன்: 'சாம்பார்னு எழுதியது பொருத்தமாக இல்லை கண்ணு. இட்லித் தட்டு என்றால்தான் சரி. வலது கை இல்லை, இடது கை. ஊற்றவில்லை, தள்ளும்போது பட்டுவிட்டது. அவன் உடனே மருந்து போட்டிருப்பான், அதையும் எழுத வேண்டும்.'

அன்னைக்குப் பகல் பூரா பதில் இல்ல. சாயங்காலம் பாத்தா, என் கமெண்ட்டுக்கு ஒரு இதயம் போட்டிருக்கா. எபிசோடை மாத்திட்டா சார். சாம்பார் போயி இட்லித் தட்டு வந்துடுச்சு, இடது கை வந்துடுச்சு. மருந்து மட்டும் போடல. பரவால்ல. எழுத்தாளருங்க சொல்றதைக் கேக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க, என் மங்கை கேட்டா.

அதோட நிக்கல. அன்னைக்கேதான் முதல் தடவையா தனியா மெசேஜ் போட்டா. 'கோமதி அக்கா, உங்களுக்கு ஆதித்தனை இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறதே. உங்களோடு பேசலாமா?' அப்படின்னு. அதுவரைக்கும் நான் எத்தனையோ எழுதியிருக்கேன், ஒரு வரி பதில். ஒரு நல்ல திருத்தம் சொன்னதும் மனசைத் திறந்துட்டா பாத்தீங்களா. எழுதுறவங்களுக்கு அந்த மாதிரி ஒரு ஆளு வேணும் சார்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? தண்ணி வேணுமா? வேணாமா, சரி.

தினம் பேசுனோம். 'அக்கா, வாசல்ல ஒரு பைக் நின்னா எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது'ன்னு எழுதுனா. எனக்கு உயிரே போயிடுச்சு. அந்த பைக் யாரு? நான்தானே. ஆபீஸ் பாத்ரூம்ல போயி நின்னு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வந்து, 'அவனும் பாவம்தானே கண்ணு, எவ்வளவு பதறிப்போய் இருப்பான்'னு பதில் போட்டேன். அவ கேள்வியா கேப்பா. 'அக்கா, அவன் ஏன் அடிச்சான்னு நினைக்கிறீங்க? அடிச்சுட்டு என்ன நினைச்சிருப்பான்? எத்தனை தடவைன்னு அவனுக்கு நினைவிருக்குமா?' நான் பக்கம் பக்கமா எழுதுனேன். வேலைச் சுமை, குழந்தை இல்லாத வருத்தம், அவ போனை ஒளிக்கிறது, எல்லாம். நாலு தடவைதான்னும் எழுதுனேன். எந்தெந்த நாள்னும் எழுதுனேன், கேட்டாளே. என் வாழ்க்கையில மனசுல உள்ளதை அவகிட்ட நான் அவ்ளோ பேசுனதே இல்ல சார். நேர்ல பேசியிருந்தா இந்தத் தொல்லையே வந்திருக்காது. அது என் தப்பு, ஒத்துக்கிறேன்.

போன வாரம் அவளே ஊரைச் சொன்னா. ஒட்டன்சத்திரத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு எழுதுற வேலையாம். 'ஞாயித்துக்கிழமை வாங்க அக்கா, பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். எந்த பஸ், எந்த சீட்டுன்னு ஏறுனதும் மெசேஜ் போடுங்க'ன்னா. போட்டுட்டேன். திருச்சி டூ பழனி, டிரைவருக்குப் பின்னாடி நாலாவது சீட்டு.

இதைக் கேளுங்க, பக்கத்துல வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்துல ஒரு கார் சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். திண்டுக்கல் டிரைவர், தெரிஞ்சவரு. அவ அக்காவைத் தேடுவா, நான் போயி நிப்பேன். முதல்ல மன்னிப்புக் கேப்பேன். மனசாரக் கேப்பேன், வேணும்னா கால்ல கூட விழுவேன். வந்துட்டான்னா சந்தோஷம். முரண்டு புடிச்சா கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி கார்ல ஏத்திடுவேன். புருசன் பொண்டாட்டி கையைப் புடிச்சா எவன் சார் கேப்பான்? கத்துனா ரெண்டு பேரு திரும்பிப் பாப்பான், குடும்பச் சண்டைன்னு தெரிஞ்சா அவனவன் வேலையைப் பாத்துட்டுப் போவான். நான் எத்தனை தெருவுல பாத்திருக்கேன். வீட்டுக்குள்ள போயிட்டா எல்லாம் சரியாயிடும். போனை மட்டும் கொஞ்ச நாளைக்கு வாங்கி வச்சுடணும், அதுதான் எல்லாத்துக்கும் காரணம். வீட்டைக் கூட்டி, புதுசா திரைச்சீலை எல்லாம் போட்டிருக்கேன். இந்தப் பையில ஒரு பட்டுச்சேலை இருக்கு. மயில்கழுத்து நிறம். அவளுக்கு அந்த நிறம்னா உசுரு.

திண்டுக்கல் தாண்டியாச்சா? அப்ப இன்னும் முக்கால் மணி நேரம்.

இன்னைக்குக் கடைசி எபிசோடு சார். காலையில ஆறு மணிக்கே போட்டுட்டா. நான் இன்னும் படிக்கல. ஓடுற பஸ்ல படிச்சா எனக்குத் தலை சுத்தும், வாந்தி வரும். நீங்க கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா? கண்ணாடி இருக்குல்ல. இந்தாங்க. அதோ, 'நிறைவு அத்தியாயம்'னு இருக்கு பாருங்க. மெதுவாப் படிங்க, அவசரமில்ல.

ம்.

ஆமா, பஸ் ஸ்டாண்டு. யாழினி யாருக்கோ காத்துக்கிட்டு நிக்கிறா. படிங்க.

'வரப்போவதாகச் சொன்ன தோழி வரமாட்டாள் என்று யாழினிக்குத் தெரியும். வரப்போவது ஆதித்தன்.' பாத்தீங்களா சார், பாத்தீங்களா. தெரிஞ்சிருக்கு அவளுக்கு. தெரிஞ்சேதான் வரச் சொல்லியிருக்கா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. நான் சொன்னேன்ல, என்னை நினைச்சுத்தான் எழுதுறான்னு. இனிமே கார் எதுக்கு, அவளே வந்துருவா. படிங்க, ஏன் நிறுத்திட்டீங்க? எழுத்து சின்னதா இருக்கா? ரெண்டு விரலை வச்சு விரிங்க, பெருசாகும்.

என்ன சார், படிக்க மாட்டீங்களா? தொண்டை கட்டிக்கிச்சா? சரி குடுங்க. தலை சுத்துனா சுத்தட்டும், நானே பாத்துக்கிறேன்.

'அன்று இருந்தது சாம்பார் இல்லை, இட்லித் தட்டு என்று அந்தத் தோழி திருத்தினாள். இடது கை என்றும் திருத்தினாள். அந்தச் சமையலறையில் அன்று நானும் அவனும் மட்டுமே இருந்தோம்.'

ஓ.

அதுலயா கண்டுபுடிச்சா.

இல்ல சார், அதுல என்ன இருக்கு. ஒரு வாசகிக்குத் தோணாதா? பொதுவா வீடுகள்ல இட்லித் தட்டுதானே... சரி விடுங்க. அதுக்கப்புறம் கோமதி எழுதுன மெசேஜ் எல்லாத்தையும் போட்டிருக்கா. வார்த்தை மாறாம போட்டிருக்கா. இது நான் எழுதுனது. இதுவும் நான்தான். 'நாலு தடவைதான்.' தேதியெல்லாம் இருக்கு. பக்கம் பக்கமா போகுது சார், எல்லாம் என் எழுத்து. அவ எழுதுனது கடைசியில நாலு வரிதான். 'ஒவ்வொரு அடிக்கும் அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அவன் இன்று பேருந்தில் வருகிறான். நான் பதினான்கு கதைகளில் உங்களுக்குப் பொய் சொன்னேன். இந்தக் கதையின் முடிவை எழுத எனக்குத் தனியாகத் தெம்பு இல்லை, பதினோரு மணிக்கு ஒட்டன்சத்திரம் பேருந்து நிலையத்தில் நீங்கள் வந்து நில்லுங்கள்.'

நீங்கள்னா யாரு? வாசகிங்களா?

இருங்க, கமெண்ட்டைப் பாக்குறேன். நம்ம ஆளுங்க இருப்பாங்க, சேத்து வைங்கன்னு போட்டிருப்பாங்க. இருநூறு பேரு சார், ஆதி பாவம்னு சொன்ன ஆளுங்க. 'கிளம்பிட்டோம் மங்கை.' இது கரூர்காரி. ஆதி மாதிரி புருசன் வேணும்னு எழுதுனவ சார் இவ, அதே ஐடி. 'நானும் என் மகளும் தாராபுரத்திலிருந்து ஏறிவிட்டோம்.' 'உடுமலையிலிருந்து ஏழு பேர் வேனில்.' 'எனக்கும் கையில் தழும்பு இருக்கிறது சிஸ், நானும் வருகிறேன்.' கீழ போகப் போக இதேதான் இருக்கு. ஒருத்தி கூட சேத்து வைங்கன்னு போடல. ஒருத்தி கூட.

கடைசி எபிசோடுல்ல, விழா மாதிரி ஏற்பாடு பண்ணியிருப்பாங்க போல. எழுத்தாளரைப் பாக்க வருவாங்கல்ல, கையெழுத்து வாங்க. அப்படித்தான் இருக்கும். அப்படித்தானே சார்?

திருச்சியிலேர்ந்து நான் ஒருத்தனே பேசிட்டு வர்றேன்.

போன் அடிக்குது, இருங்க. டிரைவர்தான். ஆ, சொல்லுங்கண்ணே. வந்துட்டேன், பத்து நிமிஷம். என்னது? எத்தனை பேரு? வண்டியை எடுத்துட்டீங்களா? எடுத்துட்டா எப்படிண்ணே, அட்வான்ஸ் குடுத்திருக்கேன்ல. சந்துல நிக்குற வண்டி யாருக்குன்னு கேட்டாங்களா? யாரு கேட்டா, என் பேரைச் சொல்லியா கேட்டாங்க? அண்ணே... அண்ணே...

வச்சுட்டான். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடைஞ்ச கணக்கா இருக்கு. பயந்தாங்கொள்ளிப் பய, பொம்பளைங்க நாலு பேரு காரைச் சுத்தி நின்னா வண்டியை எடுத்துட்டு ஓடுறதா? பாருங்க, போனைக் கீழ போட்டுட்டேன். கோவத்துல சார். எனக்குக் கோவம் வந்தா அப்படித்தான்.

இதான் ஒட்டன்சத்திரமா?

அங்க பாருங்க. அந்தக் கூரைக்குக் கீழ. முப்பது பேரு இருப்பாங்களா? கூடவே இருக்கும். நடுவுல பச்சைச் சேலை, அதான் மங்கை. இளைச்சுட்டா. கை தெரியுற மாதிரி ரவிக்கை போட்டிருக்கா சார், அந்த அச்சு நாலும் இங்கேர்ந்தே தெரியுது. என் வீட்ல முழுக்கை நைட்டிதான் போடுவா. அவளுக்கு அதுதான் பிடிக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு போலீஸ்கார அம்மா நிக்குது. பஸ் ஸ்டாண்டுன்னா நிப்பாங்கதான். எல்லாரும் போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு பஸ் நம்பரைப் பாக்குறாங்க.

கோமதி அக்கான்னு கூப்பிடுறா. கேட்டுச்சா உங்களுக்கு? 'கோமதி அக்கா, இறங்குங்க.' சத்தமாக் கூப்பிடுறா. அவளுக்கு இவ்ளோ சத்தம் வரும்னே எனக்குத் தெரியாது.

நீங்க ஏன் சார் எந்திரிக்கிறீங்க? எனக்கு வழி விடவா? வேணாம், உக்காருங்க. நான் இறங்கல. இன்னைக்கு வேணாம், கூட்டமா இருக்கு. குடும்ப விஷயத்தை இத்தனை பேரு முன்னாடி பேசக் கூடாது. நடுவுல வந்து உக்காருங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்குங்க. கையைக் காட்டாதீங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், இங்க இருக்கேன்னு கையைக் காட்டாதீங்க.

கண்டக்டர், பழனிக்கு ஒரு டிக்கெட் குடுங்க. தெரியும் கண்டக்டர், ஒட்டன்சத்திரம்தான் எடுத்தேன். இப்ப பழனி போறேன். முருகனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு, ரொம்ப நாளா தள்ளிப் போயிட்டே இருக்கு. வண்டியை எடுக்கச் சொல்லுங்க. ஏன் எடுக்க மாட்டேங்குறாரு? முன்னாடி யாரு நிக்கிறா?

நான் குனிஞ்சு செருப்பை மாட்டிட்டு இருக்கேன் சார், எனக்குத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க. போயிட்டாங்களா?